தேறாத இரண்டு கேன்

கலங்கிய தண்ணீரைக் கண்டால் குமரவேலுக்குக் கை சும்மா இருக்காது. சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்தால்தான் சிலருக்குச் சோறு இறங்கும் அல்லவா, அந்த ரகம். நெய்வேலி டவுன்ஷிப்புக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்பும் இடத்தில் அவன் கான்ட்ராக்ட் ஆள். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் கலங்கலாக வந்து சேரும். படிகாரக் கரைசலைக் கலந்து விட்டால், கண்ணுக்கே தெரியாத தூசியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, கனம் தாங்காமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே நிற்பது கண்ணாடி. எத்தனை வருஷம் பார்த்தும் இந்த வேடிக்கை அவனுக்கு அலுக்கவில்லை. தான் சுத்தம் செய்த தண்ணீர் குழாய் வழியாகத் தன் வீட்டுக்கே வந்த பிறகும், குடத்தில் ஒரு கட்டிப் படிகாரத்தை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினால்தான் ஐயாவுக்குத் திருப்தி.

"நீங்க அனுப்புன தண்ணிய நீங்களே நம்பலன்னா ஊரு எப்படிங்க நம்பும்?" என்று சத்யா கேலி செய்வாள்.

சத்யா அவன் மனைவி. அவளும் தண்ணீர்க்காரிதான். ஆனால் அவளுடைய தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். கல்யாணமாகி வந்த புதிதில் குவார்ட்டர்ஸ் பிளாக் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "நான் மேல படிக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். "படியேன், யாரு வேணாம்னது?" என்று இவனும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டான். தபால் வழியில் ஏதோ ஒரு பட்டம் என்று நினைத்துத்தான் சொன்னான். பறங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்பது இடம் கிடைத்த பிறகுதான் புரிந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை அவன் மாற்றவில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்த குடும்பம் அவனுடையது. அந்த வீட்டு மருமகளின் பெயருக்கு முன்னால் முனைவர் என்று வரப்போகிறதே என்று நினைத்தால், நைட் ஷிப்டில் அவனுக்குத் தூக்கமே வராது. அந்த வகையில் நிறுவனத்துக்கும் லாபம்தான்.

தினமும் காலையில் சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுவான். கடல் தண்ணீர்க் கேன்களைத் தூக்குவது, கழுவுவது, ஆய்வுக்கூடத்து மாடிப்படி ஏற்றுவது எல்லாம் விடுமுறை நாட்களில் அவன் வேலை. ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் மட்டும், "ஏதோ தண்ணிய அளக்குது" என்பான். விளக்கம் கேட்டுப் புரியாமல் போனால் அவள் முகம் வாடுமே என்று கேட்காமலே இருந்தான்.

அந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. வெள்ளாறு கரை தொட்டுச் செந்நிறமாய் ஓடிக் கடலில் விழுந்தது. சத்யா இதற்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள். மீனவர் படகில் முகத்துவாரத்துக்குப் போய், ஆற்று மண்ணும் கடல் உப்பும் கலந்த தண்ணீரைப் பிடித்து வந்தாள். ஆனால் ஆய்வுக்கூடத்துக் கூரையில் மழை இறங்கி, வயரிங் கெட்டு, சில நாளைக்கு அங்கே எதுவும் செய்ய முடியாது என்றாகிவிட்டது. தண்ணீரோ காத்திருக்காது. வேறு வழியில்லாமல் நான்கு கேன்களும் நெய்வேலிக்கு வந்து, குவார்ட்டர்ஸ் பின்கட்டில் நிழலில் வரிசையாக உட்கார்ந்தன. தினமும் காலையில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, வடிகட்டி, சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து வைத்தாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் காடாம்புலியூரில் அவள் அம்மா தனத்துக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. பார்க்காமல் இருக்க முடியுமா? கிளம்பும்போது கணவனிடம் சொன்னாள்.

"காலையில சாயங்காலம் நாலு கேனையும் லேசா உருட்டி வுடுங்க. மூடியைத் தொறக்க வேணாம். மண்ணு எப்படிக் கீழ எறங்குதுன்னு பாக்கத்தான் இவ்ளோ பாடு."

வினையே அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது.

குமரவேல் ஒழுங்காக உருட்டினான். பச்சைக் குழந்தையைப் புரட்டுவதுபோல உருட்டினான். ஆனால் கண் சும்மா இருக்குமா? நான்கில் இரண்டு கேன்கள் கண்ணாடியாக நின்றன. மற்ற இரண்டும் காவிக் கலங்கலாக, முதல் நாள் இருந்ததுபோலவே இருந்தன. தெளிந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அவள் முதலிலேயே மண்ணை வடிகட்டி வைத்திருந்தாள் என்பது இவனுக்குத் தெரியாது. இரண்டு பாஸ், இரண்டு பெயில் என்று எடுத்துக்கொண்டான். மண் இறங்குவதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? பாவம், ஊரிலிருந்து வந்து பார்த்தால் என்ன பாடுபடுவாள்!

மறுநாளும் பார்த்தான். அப்படியே இருந்தது. அவன் வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் இப்படி அடம் பிடித்தால் யாரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்த நாள் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அடுக்களையிலிருந்த படிகாரத்தை இடித்துப் பொடியாக்கி, தேறாத இரண்டு கேன்களின் மூடியையும் திறந்து ஆளுக்கொரு பிடி போட்டான். நன்றாக உருட்டினான். "ஒழுங்கா எறங்குங்கடா, அந்தப் பொண்ணு மானத்தை வாங்காதீங்க" என்று புத்திமதியும் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் நான்கும் பளிங்கு. அந்த இரண்டின் அடியிலும் ஒரு விரல் கனத்துக்குச் சேறு. அவனுக்கு வாயெல்லாம் பல். மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னாளே என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. குழம்பில் உப்புக் குறைந்தால் போடத்தானே மூடியைத் திறக்கிறோம் என்று அதைத் தள்ளிவிட்டான்.

சத்யா திரும்பி வந்தபோது அவன் வேலையில் இருந்தான். அவள் தண்ணீரை எடுத்துக்கொண்டு விடிந்ததும் பஸ் ஏறியபோது அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு பிடி படிகாரம் பெரிய விஷயமா என்ன, அவனுக்கு மறந்தே போய்விட்டது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் சத்யா பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய கையோடு ரவையை வறுத்துக் கேசரி கிளறினாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "சாப்பிடுங்க, சொல்றேன்" என்று எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த முறை அவன் கேட்காமலேயே முழுக்கச் சொன்னாள்.

"கடல்ல ஈயம், இரும்புன்னு எவ்ளோ உலோகம் கரைஞ்சி கெடக்கு தெரியுமா? கண்ணுக்குத் தெரியாது. ஆறு கொண்டாந்து கொட்டுது, மழை கொட்டுது, புகை கொட்டுது. கோடி வருஷமா கொட்டிகினே இருக்கு. அப்படின்னா கடலு இந்நேரம் ஈயமா நாறணும் இல்ல? ஏன் நாறல?"

"ஏன்?"

"தூசிங்க! மண்ணு, செத்துப்போன நுண்ணுயிரு, மீனோட கழிவு, அது இதுன்னு கடலுக்குள்ள மேலேருந்து கீழ எந்நேரமும் தூத்தல் மாதிரி விழுந்துகினே இருக்கும். கரைஞ்சி கெடக்குற ஈயம் அதும் மேல ஒட்டிக்கும். சின்னத் தூசி பெரிய தூசியோட ஒட்டிக்கும். கடைசியில எல்லாம் சேந்து அடியில போயி படுத்துக்கும். கூட்ட பஸ்ல ஒரு தடியன் எறங்குனா அவன் சட்டையப் புடிச்சிகினு நாலு பேரு எறங்குவாங்க பாருங்க, அப்படி."

குமரவேல் சிரித்தான். முதல்முறையாக அவள் படிப்பு அவனுக்குப் புரிந்தது. அட, இது நம்ம பிழைப்பாச்சே என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது.

"எல்லா உலோகமும் ஒட்டாது" என்று அவள் தொடர்ந்தாள். "சிலது தண்ணியோடவே லட்சக்கணக்கான வருஷம் சுத்திகினு கெடக்கும். ஒட்டுனதும் ஒட்டியே இருக்கும்னு சொல்ல முடியாது. பாதி வழியில கழண்டுக்கும், வேற தூசிய புடிச்சிக்கும். ஈயம் நல்லா ஒட்டுற ரகம். வெள்ளத்து மண்ணு அதை எவ்ளோ வேகமா புடிச்சிகினு எறங்குதுங்கறதுதான் என் கேள்வி. நான் கொஞ்சம் ஈயம் கலந்து வச்சிருந்தேன். மொதல் சில நாளு மெதுவாத்தான் கொறைஞ்சிது. எனக்கே சப்புன்னு ஆயிடுச்சி. நான் ஊருக்குப் போயிட்டு வரதுக்குள்ள பாருங்க, மண்ணு இருந்த ரெண்டு கேன்லயும் ஈயம் அப்படியே காணாமப் போச்சி! தண்ணி பளிங்கா நிக்குது. எங்க கைடு அருள்மொழி மேடம் அசந்துட்டாங்க. பாண்டியில கருத்தரங்கு, என்னையே பேசச் சொல்லிட்டாங்க. இனிமே வேற ஊர்லயும் அவங்கவங்க ஆத்துத் தண்ணிய வச்சி இதே மாதிரி செஞ்சி பாப்பாங்க. அங்கயும் இதே வந்தா நம்ம பேரு நின்னுடும்."

குமரவேலின் வாயிலிருந்த கேசரி படிகாரமாகத் துவர்த்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மெதுவாகத்தான் குறைந்ததாம். ஊருக்குப் போய் வருவதற்குள் காணாமல் போனதாம். ஈயத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிய தடியன் வெள்ளாற்று மண் இல்லை, அடுக்களை டப்பாவிலிருந்து வந்தவன். மற்ற ஊரில் செய்து பார்ப்பார்கள். வராது. எப்படி வரும்? அவரவர் வீட்டில் ஒரு குமரவேல் இருந்தால் அல்லவா வரும்! நெய்வேலிக்காரி ஒருத்தி பொய்க் கணக்குக் காட்டினாள் என்றுதான் அந்தப் பெயர் நிற்கும்.

"என்னங்க, சந்தோஷமா இல்லியா?" என்றாள் சத்யா.

"சந்தோஷம்தான்" என்றான். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அவனுக்குக் கை வரவில்லை. அந்த முகத்தை அவன் அவ்வளவு நேசித்தான்.

மறுநாள் வேலையிடத்தில் கூட்டாளி சிங்காரவேலிடம் கொட்டித் தீர்த்தான். சிங்காரவேல் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பெரிய மனுஷன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"யோவ், நீ என்ன வெஷத்தையா கலந்த? ஊரே குடிக்கிறதுதானய்யா. வுட்டுத் தள்ளு. சொல்லாத வரைக்கும் யாருக்குத் தெரியப்போவுது? இப்பப் போயி சொன்னின்னா, ஆயுசுக்கும் வூட்ல சோறு கெடைக்காது."

சோறு கிடைக்காதது பற்றிக் குமரவேலுக்குக் கவலையில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் நாள் நினைத்தான். அவள் பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பதைக் கண்டு நாக்கு உள்ளே போய்விட்டது. அடுத்த நாள் அவளே சோர்ந்து வந்தாள். சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மேடை பயம் என்று எண்ணி, வெந்நீர் வைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது, ஆனால் இவனிடம் அன்பாகவே இருந்தாள். அந்த அன்புதான் அவனை இன்னும் அறுத்தது.

கருத்தரங்கு நாளும் வந்தது. லீவு போட்டுவிட்டு அவனும் கூடக் கிளம்பினான். பையைத் தூக்க ஆள் வேண்டும் என்பது சாக்கு. பண்ருட்டி, கடலூர் வழியாகப் பாண்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் இவன், இவன் மடியில் பை. காடாம்புலியூர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டான். காடாம்புலியூர் வந்தது. முந்திரிக் காடும் பலாத் தோப்பும் வந்து போயின. மாமியார் வீட்டுத் தெருமுனையும் போயிற்று. சரி, பண்ருட்டிக்குள் என்றான். பண்ருட்டியில் பாதி பஸ் இறங்கி, முக்கால் பஸ் ஏறியது. அந்த அமளியில் எப்படிச் சொல்வது? சாக்குக்கா பஞ்சம்!

மேல்பட்டாம்பாக்கம் நெருங்கும்போது ரயில் கேட் சாத்தியிருந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்விட்டார். திடீரென்று எங்கும் அமைதி. தப்பிக்க இனி ஓர் இரைச்சல்கூட இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடை ஏறிவிடுவாள்.

"சத்யா" என்றான். "நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஊருக்குப் போயிருந்தப்ப, அந்தக் கலங்கலா இருந்த ரெண்டு கேன்ல ஆலம் போட்டுட்டேன். நம்ம வூட்டுப் படிகாரம்தான். அது தெளியல, நீ வந்தா சங்கடப்படுவியேன்னு போட்டேன். நீ சொன்ன மண்ணு ஒண்ணும் அந்த ஈயத்தை எறக்கல. நான்தான் எறக்கிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல. இப்ப நீ மேடையில ஏறி அதைச் சொன்னா உன் பேரு கெட்டுடும். வேணாம். சொல்லாத."

சொல்லி முடித்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை.

"தெரியுங்க" என்றாள்.

"என்னாது?"

"மத்த உலோகத்தையெல்லாம் பாக்க அந்தத் தண்ணிய சென்னைக்கு அனுப்பியிருந்தோம். அன்னிக்கு நான் சாப்புடாமப் படுத்தேன்ல, அன்னிக்குத்தான் முடிவு வந்துது. அந்த ரெண்டு கேன்ல மட்டும் அலுமினியம் தாறுமாறா ஏறியிருக்கு. கடல் தண்ணிக்கு அவ்ளோ அலுமினியம் எங்கேருந்து வரும்? மேடம் மண்டைய ஒடைச்சிகினு இருந்தாங்க. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி. படிகாரத்துல இருக்கிறது அதுதானே. நம்ம வூட்ல அதைத் தொடுற ஆளு வேற யாரு?"

"மேடத்துகிட்ட என்னா சொன்ன?" என்றான் குமரவேல்.

"என் கவனக்குறைவுல கலந்துடுச்சின்னு சொன்னேன். நான் ஊருக்குப் போனதுக்கப்புறம் அந்த ரெண்டு கேன்ல வந்த கணக்கை எடுத்துட்டோம். இன்னிக்கு மொதல் சில நாள் கணக்கைத்தான் சொல்லப்போறேன். மெதுவாத்தான் கொறையுதுன்னு. பெருசா ஒண்ணுமில்ல, யாரும் கை தட்ட மாட்டாங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. ரெண்டு அறை வுட்டிருக்கலாமே."

"எப்படிங்க கேக்கறது? கேட்டா அதுக்கப்புறம் நீங்க என் கேன் பக்கமே வரமாட்டீங்க. தூர நின்னுடுவீங்க. எனக்கு உங்களத் தெரியாதா?"

"அப்ப இந்த வருஷம்?" என்று கேட்டான்.

"போச்சு" என்றாள் சத்யா. "வெள்ளம் வடிஞ்சிடுச்சி. அடுத்த கார்த்திகை வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குள்ள உதவித்தொகை நின்னுடும், திரும்ப டியூஷன்தான். ஒரு வருஷம் போச்சுங்க."

அதைச் சொன்னதும் அவள் உதடு கோணியது. நாட்கணக்காகக் கட்டி வைத்திருந்தது உடைந்தது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பஸ் என்றும் பாராமல், குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகைக்கு நடுவில் விட்டு விட்டுச் சொன்னாள்.

"எனக்கு எதுன்னாலும் உங்ககிட்டதான் வந்து அழுவேன். இதை யாருகிட்டப் போயி அழுவேன், சொல்லுங்க? நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு அழக்கூட ஆளில்ல."

குமரவேல் பையை ஒரு கையாலும் அவளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். படிகாரம் போட்டதைவிடப் பெரிய தப்பு அதுதான் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. அவனுக்கும் கண் நிறைந்தது. துடைக்கக் கை மிச்சமில்லை.

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, என்னாம்மா, வூட்ல யாருக்காச்சும் ஒண்ணா?" என்று பதறினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்றான் குமரவேல். "தப்பு என்னுது."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்து ஒரு முறை முறைத்தாள். சத்யா திட்டாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து முறைத்ததுபோல இருந்தது. அவன் அதைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. டிரைவர் ஓடி வந்து ஏறினார். பஸ் கிளம்பிய குலுக்கலில் சத்யா நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடத்துகிட்ட நான் பேசறேன்" என்றான் குமரவேல். "கவனக்குறைவுன்னு உன் பேருல நிக்கக் கூடாது. போட்டது நான். என் பேருல எழுதச் சொல்லு."

"அவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அருள்மொழி மேடம் அரங்கத்து வாசலிலேயே நின்றிருந்தார். சத்யாவின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, அவர் என்னவென்று கேட்க வாயெடுப்பதற்குள் குமரவேல் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போய் நின்றான். கை தானாகக் கட்டிக்கொண்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மேடம், அந்த அலுமினியம் நான்தானுங்க" என்றான்.